சும்மா நிக்கிற வண்டியும் இஞ்சின்ல ஏறுற கரியும்

நம்ம செட்டிநாட்டுப் பக்கம் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டைன்னு எந்த ஊர எடுத்தாலும் பெரிய வீடுகள்ல ஒரு கார் துணி போத்தி நிக்கும். சொந்தக்காரவுக சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ மலேசியாவுலயோ இருப்பாக, கல்யாணம், படைப்பு, கோயில் திருவிழான்னு ஊருக்கு வந்தா மட்டும் வண்டி வெளிய வரும். மத்த நாள்ல வீட்டப் பாத்துக்குற அண்ணன் வாரத்துக்கு ஒருக்கா சாவியப் போட்டு ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிசம் நின்ன எடத்துலயே ஓடவிட்டுட்டு ஆஃப் பண்ணிருவாரு. "வண்டிய ஸ்டார்ட் பண்ணி வச்சியளாண்ணே"ன்னு போன்ல கேட்டா "வச்சுட்டேன் ஐயா, நல்லாத்தான் ஓடுது"ம்பாரு. ரெண்டு பேருமே வண்டிக்கு நல்லது பண்றோம்னு நெனச்சுத்தான் பண்றாக. ஆனா இஞ்சின்ல கரி ஏத்துறதுக்கு இதவிட நல்ல வழி கெடையாது, அது ஏன்னு புரியுற மாதிரி சொல்லணும்னுதான் இத எழுதுறேன்.

கரி எப்படி வருதுன்னு மொதல்ல பாத்துருவோம், இது வெளங்கிட்டா மிச்சமெல்லாம் தன்னால வெளங்கும். பெட்ரோலும் டீசலும் கார்பனும் ஹைட்ரஜனும் சேந்த சரக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் சுமாரா முக்கா கிலோ எடை இருக்கும், அதுல 600 கிராமுக்கு மேல கார்பன்தான். அது காத்துல இருக்குற ஆக்சிஜனோட சேந்து முழுசா எரிஞ்சா கார்பன் டை ஆக்சைடாவும் நீராவியாவும் மாறி சைலன்சர் வழியா வெளிய போயிரும், உள்ள ஒண்ணும் தங்காது. அப்படி முழுசா எரியணும்னா ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காத்து வேணும், பெட்ரோல் நல்லா ஆவியாகி அந்தக் காத்தோட கலந்திருக்கணும், உள்ள போதுமான சூடும் இருக்கணும். இந்த மூணுல ஒண்ணு கொறஞ்சாலும் கொஞ்சம் கார்பன் அரைகுறையா எரிஞ்சு புகைக்கரியா நின்னுரும். விறகடுப்புல ஈர விறக வச்சு ஊதுனா என்ன ஆகுமோ அதேதான், தீ இருக்கும், ஆனா பொகை கண்ணக் கரிக்கும், சட்டி அடியெல்லாம் கருப்பா அப்பிக்கும்.

இதோட இஞ்சின் ஆயிலும் சேருது, இத நெறைய பேரு கணக்குல எடுத்துக்குறதே இல்ல. பிஸ்டனச் சுத்தி மாட்டிருக்குற ரிங்க தாண்டி கொஞ்சம் வாயு எப்பவும் கீழ ஆயில் இருக்குற கிராங்க் பக்கம் கசிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும், புது வண்டியிலயும் இருக்கும். அது வெளிய போய் காத்தக் கெடுக்கக்கூடாதுன்னு பிசிவி வால்வு வழியா மறுபடி இஞ்சின் இழுக்குற காத்தோடயே சேத்து விட்டுருவாங்க, அப்ப ஆயில் ஆவியும் கூடவே வந்துரும். ரிங்கோ, ஆயில் எறங்காமத் தடுக்குற வால்வு சீலோ தேஞ்ச வண்டின்னா கேக்கவே வேணாம், ஆயில் நேராவே எரியுற எடத்துக்கு எறங்கும். புகைக்கரி மட்டும்னா அது பொடி, தொட்டா உதிரும். ஆயில் சேந்து, சூட்டுல வெந்து, காஞ்சு, திரும்ப மேல ஒரு பூச்சு ஏறி, இப்படியே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போனாத்தான் சுரண்டுனாக்கூட வராத கெட்டிக் கரி ஆகுது.

இப்ப அந்த பத்து நிமிச விஷயத்துக்கு வருவோம். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் சரியா ஆவியாகாது, சிலிண்டர் சுவத்துலயும் வால்வு பின்னாலயும் ஈரமாவே ஒட்டும், அத ஈடுகட்ட பழைய வண்டின்னா சோக் இழுக்குறோம், புது வண்டின்னா கம்ப்யூட்டரே கூடுதலா பெட்ரோல் அடிக்குது. ஆக பெட்ரோல் ஜாஸ்தி, சூடு கம்மி. நம்ம ஊர் வெயில்ல என்ன குளிர்னு கேப்பீங்க, வெளிய 40 டிகிரி அடிச்சாலும் இஞ்சினுக்கு அது குளிர்தான், ஏன்னா கூலன்ட் 80, 90 டிகிரிக்கு வந்தாத்தான் அதுக்கு வேலை செய்யுற சூடு, ஆயில் அந்தச் சூட்டுக்கு வர்றதுக்கு இன்னும் நேரமாகும். ஸ்பார்க் பிளக்க எடுத்துக்கிட்டா அதோட முனை சுமார் 450 டிகிரி தாண்டுனாத்தான் மேல படியுற கரிய அதுவே எரிச்சுத் தள்ளும். நின்ன எடத்துல சும்மா ஓடுற இஞ்சின் அந்தச் சூட்டுக்குப் பக்கத்துல கூடப் போறதில்ல. இன்னொண்ணும் இருக்கு, ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வரும். சைலன்சர் சூடா இருந்தா அது வெளிய போயிரும், சூடாகுறதுக்கு முன்னாடியே ஆஃப் பண்ணுனா உள்ளயே தண்ணியாத் தேங்கி சைலன்சரத் துருப்பிடிக்க வைக்கும், ஆயில்லயும் கொஞ்சம் போய்ச் சேரும்.

பேட்டரிக்காகத்தானே ஸ்டார்ட் பண்றோம்னு சொல்வாக. பத்து நிமிச ஐட்லிங்ல, அதாவது நின்ன எடத்துல ஓடவிடுறதுல, பேட்டரிய ஏத்துற ஆல்டர்னேட்டர் குடுக்குற கரண்ட் பெருசா ஒண்ணும் இல்ல, ஸ்டார்ட் பண்ண செலவானது திரும்ப வந்தாலே பெரிய விஷயம். அதனால ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க. வண்டிய எடுத்தா ஒழுங்கா ஓட்டுங்க, காரைக்குடியில இருந்து திருமயம் கோட்டை வரைக்கும் போயிட்டுத் திரும்புனா நாப்பது கிலோமீட்டர் சொச்சம் வரும், ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அது போதும், இஞ்சின் ஆயில் வரைக்கும் நல்லா சூடேறும், பேட்டரியும் ஏறும், டயரும் ஒரே எடத்துல அமுங்கி நிக்காது. ஓட்ட ஆள் இல்லைன்னா ஸ்டார்ட்டே பண்ணாதீங்க, பேட்டரி நெகட்டிவ் டெர்மினல கழட்டி வச்சுருங்க, இல்ல மெதுவா சார்ஜ் ஏத்துற சின்ன சார்ஜரப் போட்டு வைங்க. டெர்மினல் கழட்டுறதுக்கு முன்னாடி, கரண்ட் இல்லாம கதவச் சாவியால எப்படித் தொறக்குறதுன்னு பாத்துக்கங்க, கடிகாரமும் ரேடியோ செட்டிங்கும் போயிரும்.

தெனம் ஓடுற வண்டிக்கும் இதே கணக்குதான். காலையில பிள்ளைகள ஸ்கூல்ல விட்டுட்டு, அப்புறம் செக்காலை ரோட்டுக்கு ஒரு நடை, சாயங்காலம் கோயிலுக்கு ஒரு நடை, எல்லாமே ரெண்டு மூணு கிலோமீட்டர், ஒவ்வொரு தடவையும் இஞ்சின் சூடேறுறதுக்குள்ள ஆஃப். மாசம் நானூறு கிலோமீட்டர்தான் ஓடிருக்கு, ஆயில் மாத்த இன்னும் நாள் இருக்குன்னு விட்டுருவாக, ஆனா இந்த மாதிரி ஓட்டத்துக்கு கிலோமீட்டரப் பாக்கக்கூடாது, மாசத்தப் பாத்து ஆயில் மாத்தணும். கம்பெனி புக்குலயே பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருசம், எது மொதல்ல வருதோ அதுன்னுதான் போட்டிருப்பாங்க, அந்த ரெண்டாவது பாதிய யாரும் படிக்கிறதில்ல.

நம்ம செம்மண் தூசியையும் சொல்லணும். பெட்ரோலையும் காத்தையும் கலந்து விடுற கார்புரேட்டர் வச்ச பழைய பைக்குல ஏர் பில்டர் அடைச்சா காத்து கொறையும், பெட்ரோல் அதே அளவு வரும், நேரா கரிதான். கம்ப்யூட்டர் சொல்ற அளவுக்குப் பெட்ரோலத் தெளிக்குற இன்ஜெக்ஷன் வண்டியில காத்து கொறஞ்சா சென்சார் பாத்து பெட்ரோலையும் கொறச்சுரும், அதனால கரி அவ்வளவு ஏறாது, பிக்கப்தான் போகும். டீசல்ல அடைப்பு ஜாஸ்தியானா கருப்புப் பொகை தள்ளும். ஊருக்குள்ள மண் ரோட்டுல போற வண்டிக்கு பில்டர புக்குல போட்டிருக்குறதுக்கு முன்னாடியே கழட்டிப் பாக்குறதுல தப்பே இல்ல, விலையும் கம்மி.

சரி, வண்டியில கரி ஏறிருச்சுன்னு எப்படித் தெரியும்? பெட்ரோல் வண்டின்னா மொத சாட்சி ஸ்பார்க் பிளக்தான். கழட்டிப் பாத்தா முனை லேசான காவி இல்லாட்டி சாம்பல் கலர்ல இருந்தா எரியுறது சரியா இருக்கு. பொடிப்பொடியா காஞ்ச கருப்பா இருந்தா பெட்ரோல் ஜாஸ்தி போகுது இல்ல வண்டி சூடே ஆகல. ஈரமா, எண்ணெய்ப் பசையோட கருப்பா இருந்தா ஆயில் எறங்குது, அதுக்குக் கரியச் சுத்தம் பண்றது தீர்வே இல்ல, ரிங்கையும் வால்வு சீலையும் பாக்கணும். இத ஏன் அழுத்திச் சொல்றேன்னா, ஆயில் குடிக்கிற வண்டிக்குக் கரி எடுக்கன்னு காசு வாங்கிக்கிட்டு, ஆறு மாசத்துல திரும்ப அதே கரியோட வந்து நிக்கிற வண்டிய நெறைய பாத்தாச்சு. கரி எதனால வந்துச்சுங்குறத நிறுத்தாம கரிய மட்டும் எடுக்குறது வீண் செலவு.

மத்த அறிகுறி எல்லாம் கரி எங்க உக்காந்திருக்குங்குறதப் பொறுத்தது. இஞ்சினுக்குள்ள காத்து போற அளவத் தொறந்து மூடுற த்ராட்டில் பாடியில படிஞ்சா ஐட்லிங் ஏறி எறங்கும், சிக்னல்ல நின்னா ஆஃப் ஆகும். பெட்ரோலத் தெளிக்குற இன்ஜெக்டர் முனையில படிஞ்சா பெட்ரோல் பூவா செதறாம ஒழுகும், மைலேஜ் கொறையும், கால வச்சா தடுக்கும். காத்த உள்ள விடுற இன்டேக் வால்வு பின்னால படிஞ்சா அந்தக் கரி பெட்ரோல உறிஞ்சி வச்சுக்கும், காலையில ஸ்டார்ட் பண்ணுன கொஞ்ச நேரம் இஞ்சின் குலுங்கும். பிஸ்டன் ரிங் பள்ளத்துல இறுகிட்டா ரிங் அசையாம ஒட்டிக்கும், அப்ப கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள காத்த அமுக்குற அழுத்தம், போகும், ஆயிலும் மேல ஏறும், மேல ஏறுன ஆயில் இன்னும் கரியாகும், அதுக்கப்புறம் அது ஒரு சுத்து, தானா நிக்காது.

பிஸ்டன் தலையிலயும் ஹெட்டுலயும் படியுற கரி வேற தினுசு. அது எடத்த அடைக்கிறதால காத்து முன்னவிட நெருக்கமா அமுங்குது, சூட்டையும் வெளிய விடாம வச்சுக்குது, சில எடத்துல தணல் மாதிரி பழுத்து நின்னு பிளக் தீப்பொறி குடுக்குறதுக்கு முன்னாடியே பெட்ரோலப் பத்த வச்சுரும். மேடு ஏறும்போது, லோடு இழுக்கும்போது டிக் டிக்னு இல்ல கலகலன்னு ஒரு சத்தம் கேக்கும் பாருங்க, நாக்கிங்னு மெக்கானிக் சொல்றது, அது இதனாலயும் வரும். பழைய கார்புரேட்டர் கார்ல சாவிய எடுத்த பெறகும் இஞ்சின் நாலு சுத்து குதிச்சுட்டு நிக்கும், அதுவும் இந்தத் தணலோட வேலைதான். நாக்கிங்க கேட்டும் கேக்காம ஓட்டக்கூடாது, பிஸ்டனே ஓட்டையாகுற அளவுக்குப் போகும்.

டீசல் கதை தனி, நம்ம பக்கம் அதுதான் ஜாஸ்தி பாதிக்குது. டீசல் இஞ்சின்ல ஈஜிஆர்னு ஒரு வால்வு இருக்கு, எரிஞ்ச பொகையில கொஞ்சத்தத் திருப்பி இஞ்சினுக்குள்ளயே விடும், எரியுற சூடு கொறஞ்சு நைட்ரஜன் ஆக்சைடுங்குற விஷ வாயு கம்மியாகணும்னு வச்சிருக்காங்க. ஆனா பொகையோட வர்ற கரியும், நான் மேல சொன்ன ஆயில் ஆவியும் காத்து உள்ள போற குழாயான இன்டேக் மேனிஃபோல்டுல ஒண்ணா சேந்தா பிசுபிசுன்னு கருப்புப் பசையாகி உள்சுவர் பூரா அப்பிக்கும், காத்து போற வழியே சுருங்கிரும். ஐட்லிங்லயும் மெதுவா போகும்போதும்தான் இந்த ஈஜிஆர் நல்லா வேலை செய்யும். இப்ப பிள்ளையார்பட்டி கோயில் வாசல்லயோ கல்யாண மண்டப வாசல்லயோ நிக்கிற வண்டிகளப் பாருங்க, உள்ள டிரைவர் தம்பி ஏசி போட்டுக்கிட்டு ரெண்டு மணி நேரம் மூணு மணி நேரம் தூங்குவாரு, இஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கும். வெயிலுக்கு அவரு வேற என்ன பண்ணுவாரு, நெழல்ல வண்டி விட எடமும், அவரு உக்கார ஒரு ஃபேனும் குடுத்தா அந்த டீசலும் மிச்சம் இஞ்சினும் மிச்சம், இத வண்டிக்காரவுகதான் யோசிக்கணும்.

அப்படி ஓடவிடுற வண்டி 2020 ஏப்ரலுக்கு அப்புறம் பிஎஸ்6ங்குற பொகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டியா இருந்தா இன்னொரு சங்கதியும் சேந்துக்கும். அதுல பெரும்பாலும் சைலன்சர் வழியில டிபிஎஃப்னு ஒரு பில்டர் இருக்கு, கரிய வெளிய விடாம புடிச்சு வைக்கும், அது நெறஞ்சா 600 டிகிரி அளவுக்குச் சூடேத்தி அந்தக் கரிய தானே எரிச்சுச் சாம்பலாக்கும். அதுக்கு வண்டி நிக்காம கொஞ்ச நேரம் ஒரே வேகத்துல ஓடணும். ஊருக்குள்ளயே ஓட்டுனா எரிக்க ஆரம்பிக்கும், பாதியில நீங்க ஆஃப் பண்ணிருவீங்க, திரும்ப ஆரம்பிக்கும், திரும்ப ஆஃப், கடைசியில டேஷ்போர்டுல லைட் வந்துரும். லைட் வந்த அன்னைக்கே திருச்சி ரோட்டுலயோ மதுரை ரோட்டுலயோ அறுபது எழுபதுல ஒரு இருபது முப்பது நிமிசம் நிறுத்தாம ஓட்டுனா பெரும்பாலும் அணைஞ்சுரும். அத விட்டுட்டு ஒரு மாசம் ஓட்டுனா வொர்க்ஷாப்ல மெஷின் போட்டு எரிக்கணும், அதுலயும் முடியலைன்னா பில்டரே மாத்தணும், அதோட வெலை லட்சத்தத் தொடக்கூடியது. பில்டரக் கழட்டி எறிஞ்சுட்டு பைப்பப் போட்டுத் தர்றேன்னு சொல்ற ஆளும் இருக்காக. அது சட்டப்படி தப்பு, அந்தப் பொகைய மூச்சுல இழுக்குறது நம்ம தெருப் பிள்ளைகதான்.

புது டர்போ பெட்ரோல் கார்ல ஒரு விஷயம். சாதாரண வண்டியில பெட்ரோல் இன்டேக் வால்வு பின்னால தெளிக்கப்படும், போற போக்குல அது வால்வக் கழுவிட்டுத்தான் உள்ள போகும். நேரடி இன்ஜெக்ஷன் வண்டியில, ஜிடிஐ, டிஎஸ்ஐன்னு போட்டிருக்கும்ல, பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ளயே பாயுது, வால்வக் கழுவ ஆளே இல்ல. அதனால இந்த வண்டியில டேங்க்ல என்ன மருந்து ஊத்துனாலும் அது வால்வு பின்னால போய்ச் சேராது. இன்டேக்கக் கழட்டி, வால்நட் கொட்டையோட ஓட்டத் தூளாக்கி காத்தழுத்தத்துல அடிச்சு எடுக்குறதுதான் நம்பகமான வழி, அந்தத் தூள் கரியப் பேக்கும், உலோகத்தக் கீறாது. அந்த மெஷின் எல்லா ஊர்லயும் இருக்காது, விசாரிச்சுட்டுப் போங்க.

இப்ப காசு செலவாகுற எடம். டேங்க்ல ஊத்துற மருந்துல பாலிஈதர்அமைன்னு ஒரு சரக்கு இருந்தா அது இன்ஜெக்டரையும், சாதாரண இன்ஜெக்ஷன் வண்டியோட வால்வையும், எரியுற அறையையும் கொஞ்சங்கொஞ்சமா சுத்தம் பண்ணும், டப்பாவுல அது இருக்கான்னு பாத்து வாங்கணும். எக்ஸ்பி95, ஸ்பீடு, பவர்னு பங்க்ல விக்கிற வெலை கூடுன பெட்ரோல்லயும் சுத்தம் பண்ற மருந்து சேக்குறாங்க, கரியத் தடுக்குறது அந்த மருந்துதான், நாக்கிங்க எவ்வளவு தாங்கும்னு காட்டுற ஆக்டேன் நம்பர் இல்ல. த்ராட்டில் பாடிக்கும் கார்புரேட்டருக்கும் அதுக்குன்னு இருக்குற ஸ்ப்ரே நல்லாவே கேக்கும், காசும் கம்மி, ஈஜிஆரையும் மேனிஃபோல்டையும் கழட்டித்தான் கழுவணும், கழட்டாம வர்றது பாதிதான்.

ஹைட்ரஜன் வாயுவ அரை மணி நேரம் இஞ்சினுக்குள்ள விட்டுக் கரிய எடுக்குற மெஷினும் வந்திருக்கு. என் அபிப்ராயம், அதுக்குக் காசு குடுக்குறதுக்கு முன்னாடி கேமரா பைப்ப பிளக் ஓட்டை வழியா விட்டு பிஸ்டன் தலையப் படம் புடிக்கச் சொல்லுங்க, முடிஞ்சதும் திரும்பப் படம் புடிக்கச் சொல்லுங்க. ரெண்டு படத்தையும் காட்டத் தயாரா இருக்குற கடையில செய்யுங்க. மொபைல்ல வீடியோவப் பாத்துட்டு இன்டேக்குல தண்ணி ஊத்துற வேலை மட்டும் வேணவே வேணாம், தண்ணிய அமுக்க முடியாது, கொஞ்சம் கூடிப்போனா பிஸ்டனத் தாங்குற கனெக்டிங் ராடு வளைஞ்சு இஞ்சினே போயிரும்.

பழைய அம்பாசிடர், பத்மினி வச்சிருக்குற வீடுகளுக்கு ஹெட்டக் கழட்டி கரி எடுக்குற பழைய முறைதான் இன்னைக்கும் சரி. ஹெட் கழட்டுன கையோட வால்வு உக்கார்ற எடத்தத் தேச்சுச் சரியாக்குற லேப்பிங்கும் பண்ணி, வால்வு சீலும் மாத்தி, புது கேஸ்கெட் போட்டுருங்க. அலுமினிய பிஸ்டன் தலைய இரும்புத் தகட்ட வச்சு சுரண்ட விடாதீங்க, கீறல் விழுந்தா அங்கதான் அடுத்த கரி மொதல்ல ஒட்டும். மரத்துண்டோ பிளாஸ்டிக்கோ போதும், ஊற வச்சுட்டு எடுத்தா வந்துரும். கழட்டுறதுக்கு முன்னாடி கம்ப்ரஷன் டெஸ்ட் ஒண்ணு எடுக்கச் சொல்லணும், நாலு சிலிண்டரும் ஒண்ணுக்கொண்ணு சமமா நல்லா இருந்தா ஹெட்டக் கழட்ட அவசரமே இல்ல.

மண்டபத்து ஜெனரேட்டரையும் விட்டுறக்கூடாது. பெரிய ஜெனரேட்டர வச்சுக்கிட்டு நாலு லைட்டும் ரெண்டு ஃபேனும் ஓட்டுனா அது எப்பவும் குளிர்ந்தேதான் ஓடும், எரியாத டீசலும் கரியும் சேந்து சைலன்சர்ல கருப்பா ஒழுக ஆரம்பிக்கும். அதோட சக்தியில மூணுல ஒரு பங்குக்கும் கீழ லோடு குடுத்து மணிக்கணக்குல ஓட்டக்கூடாது, மாசாமாசம் டெஸ்ட் பண்ணும்போது ஏசியெல்லாம் போட்டு நல்ல லோடுல அரை மணி நேரம் ஓட்டுங்க.

கடைசியா டூ ஸ்ட்ரோக் வண்டி. யமஹா ஆர்எக்ஸ்100ம் பழைய டிவிஎஸ் 50யும் இன்னும் நம்ம ஊர்ல ஆசையா வச்சிருக்காக, எனக்கும் அந்தச் சத்தம் ரொம்பப் புடிக்கும். அதுல ஆயிலும் பெட்ரோலோட சேந்தே எரியுறதால கரி வரத்தான் செய்யும், தவிர்க்க முடியாது. அது போய் உக்கார்ற எடம், சிலிண்டர்ல இருந்து பொகை வெளிய போற ஓட்டையான எக்ஸாஸ்ட் போர்ட்டும் சைலன்சரும். வண்டி இழுக்கலைன்னு வந்தா கார்புரேட்டர நோண்டுறதுக்கு முன்னாடி சைலன்சர் உள்குழாய உருவிப் பாருங்க, ஓட்டையெல்லாம் அடைச்சிருக்கும். அத எரிச்சுத் தட்டி எடுத்துட்டு, போர்ட்டச் சுரண்டும்போது பிஸ்டனக் கீழ எறக்காம போர்ட்ட மூடுற மாதிரி நிறுத்தி வச்சுச் சுரண்டணும், இல்லைன்னா கரித்துண்டு சிலிண்டருக்குள்ள விழுந்து சுவத்தக் கீறிரும். டேங்க்ல ஆயில் கலக்குற வண்டிக்கு லிட்டருக்கு 20 மில்லி அளவு டூ ஸ்ட்ரோக் ஆயில், அளவு டப்பாவுல ஊத்திக் கலக்குங்க, இன்னும் கொஞ்சம் ஊத்துனா இஞ்சினுக்கு நல்லதுன்னு ஊத்துற ஒவ்வொரு மூடியும் சைலன்சர்லதான் போய்ச் சேரும்.